சட்டைப் பைக்குள் போகிற வயர்

குலசேகரம்
15-10-2012

அன்பு மகன் ஷாஜனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சாப்பிட்டு உறங்கி எழும்புகிறோம், தோஹாவில் உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராதபடி இரண்டு நேரமும் உன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்த வார்த்தையை அப்படியே எழுத மனம் வரவில்லை, அதனால் நடந்ததை எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை நம் வீட்டில் ஜெபக்கூட்டம். முன்னறையில் இருந்தவர்கள் அப்பா, நான், தக்கலையிலிருந்து வந்திருந்த உன் அக்கா ஸ்மிதா, பக்கத்து வீட்டுக் குளோரி, அவள் மகள் ஜெனிலா, சபையில் பாட்டுக்குழு நடத்துகிற ஜான்ரோஸ் மாமா. இந்த ஆறு பேர்தான், வேறு ஆள் இல்லை. பெயர்களை எதற்கு இவ்வளவு கணக்காக எழுதுகிறேன் என்றால், இந்த ஆறு பேரில் நடந்தது என்னவென்று தெரிந்தவர்கள் நானும் உன் அப்பாவும் மட்டும்தான். மற்றவர்கள் அதை ஒரு தமாஷாக எடுத்துக்கொண்டு காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

கடைசி ஜெபத்தை ஜான்ரோஸ் மாமா செய்தார். அவருடைய ஜெபம் உனக்குத் தெரியுமே, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளில் தொடங்கி ஊரில் சுகமில்லாதவர்கள் எல்லோரையும் பெயர் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் அரிசி வெந்துவிடும். எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறோம், அவர் நடுவில் மூச்சு வாங்க ஒரு இடத்தில் நிறுத்தினார், உடனே உன் அப்பா பெரிய சத்தமாக ஆமென் சொல்லி எழும்பி நின்று முடிவுப் பாட்டை எடுத்துவிட்டார். ஜான்ரோஸ் மாமா நிறுத்தவில்லை, இந்தப் பக்கம் அவர் ஜெபம், அந்தப் பக்கம் இவர் பாட்டு, ஒரு வரி முழுவதும் பாடிய பிறகுதான் அப்பா கண்ணைத் திறந்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார், அப்படியே வாயை மூடினார். ஜெனிலாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. குளோரி, “அண்ணனுக்குக் காப்பி குடிக்க அவசரமாக்கும்” என்றாள். ஜான்ரோஸ் மாமாவும், “வோய் செல்வதாஸ், நான் இன்னும் ஆண்டவருக்க பக்கத்துல போய்ச் சேரல்ல, அதுக்குள்ள பாதி வழியில எறக்கி விட்டுட்டீரே” என்று சொல்லிச் சிரித்தார். உன் அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் காப்பியை எடுக்கவில்லை, வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்து காதில் அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர்கள் போய்வருகிறோம் என்று சொன்னபோதும் திரும்பவில்லை.

இதை ஏன் போனில் சொல்லாமல் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் வீட்டில் இருப்பது ஒரு மொபைல், அது அப்பா கையில் இருக்கும், நீ கூப்பிட்டால் எப்போதும் லவுட்ஸ்பீக்கரில்தான் போடுவார், பக்கத்து வீட்டில் ஜெனிலா கூட நீ என்ன சாப்பிட்டாய் என்று சொல்லுவாள். அதில் எதைத்தான் நான் தனியாகப் பேச. லீவுக்கு ஊருக்கு வந்த சிஜோ வியாழக்கிழமை திரும்பத் தோஹாவுக்கு வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன், கூடவே நேந்திரங்காய் சிப்ஸும் கொஞ்சம் நல்ல மிளகும் இருக்கிறது, மிளகு ஸ்மிதா வீட்டுக் கொடியில் பறித்தது. நீ போனில் இரண்டு தடவை கேட்டாய், அப்பாவுக்கு ஹெட்போன் எந்த மாதிரி வேண்டும், எவ்வளவு விலைக்குள் பார்க்க என்று. நான் இரண்டு தடவையும் பிறகு சொல்லுகிறேன் என்று மழுப்பினேன், நீயும் கோபித்துக்கொண்டு அம்மாவுக்கு எப்போதும் காசுக் கணக்குதான் என்றாய். காரணம் காசு இல்லை மக்களே, என் பிள்ளையே. பொறுமையாக வாசி, வேலைக்கு நடுவில் வாசிக்காதே.

ஜூன் மாதம் தொடங்கியது இது. டிவியை அப்பா வைக்கிற சத்தத்தில் ஜெனிலாவுக்குப் படிக்க முடியவில்லை, அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. குளோரி நேராகச் சொல்லத் தயங்கி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கோழியைத் திட்டுகிற மாதிரி, “சவம், ஒரு வீட்ல செய்தி வாசிச்சா ஊரே கேக்கணுமா” என்று சொல்லுவாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அதனால்தான் ஹெட்போன் என்ற யோசனை வந்தது, அதுவும் என் யோசனைதான். முதலில் மொபைலோடு வந்த, காதுக்குள் திணிக்கிற சின்ன சாதனம். அது அவர் காதில் நிற்கவில்லை, அவர் தலையில் தேய்க்கிற எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து வழுக்கி வழுக்கி விழும், விழாமல் இருக்க அழுத்தித் திணிப்பார், இரண்டு வாரத்தில் காதுக்குள் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. பிறகு, இது வேண்டாம், பெரியதாக ஒன்று பார் என்று அவரே கேட்டதால் பஸ் ஸ்டாண்டு கடையில், தலைக்கு மேலே ஒரு தகடும் காதுக்கு இரண்டு பக்கமும் வட்டமாகப் பஞ்சும் வைத்த ஒன்று வாங்கினேன், விலை குறைவு. அது கண்ணாடிக் காலை அழுத்தும், கழற்றினால் காதுக்குப் பின்னால் சிவந்த கோடு கிடக்கும், பஞ்சும் பிய்ந்து முடியில் ஒட்டியது. ஆனாலும் அதை அவர் விடவில்லை. வீட்டில் டிவிக்கு மாட்டுவது போக, விடியற்காலம் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போதும் கழுத்தில் போட்டுக்கொண்டு போவார், கடைக்குப் போனாலும் தலையில் இருக்கும். இந்த வயதில் இவருக்கு என்ன இப்படி ஒரு பாட்டுப் பைத்தியம் என்று நான் நினைத்தேன். சபை முழுதும் நினைத்தது. “செல்வதாசண்ணன் வாலிபத்துக்குத் திரும்பிட்டாரு” என்று பெண்கள் சங்கத்தில் சிரிப்பார்கள்.

அந்த நாட்களில்தான் இன்னொரு பேச்சும் எழும்பியது. உன் அப்பா கோயிலில் ஜெபிக்கும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் பார்க்கிறார் என்று. நானும் கவனித்தேன், உண்மைதான், எல்லோரும் தலை குனிந்திருக்க இவர் மட்டும் போதகர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். வீட்டு ஜெபத்திலும் அப்படித்தான், நான் ஜெபிக்கும்போது கண்ணைத் திறந்தால் அவர் கண்கள் என் வாயில் இருக்கும். நான் சண்டை போட்டேன். ஆண்டவருக்கு முன்னால் நிற்கிற மரியாதை போய்விட்டதா, கண்ட பாட்டையும் கேட்டு மனது கெட்டுவிட்டதா என்று கேட்டேன். அவர், “எனக்கு ஒண்ணும் இல்லட்டி, நீ ஜெபி” என்று மட்டும் சொன்னார். நான் போதகரம்மாவிடம் போய், இவருடைய விசுவாசம் குறைந்து போகிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவர் கண்ணை மூடத் தொடங்கினார், எனக்காக. அதன் பலன்தான் வெள்ளிக்கிழமை நடந்தது.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு நாள் காலையில் நீ கூப்பிட்டாய் நினைவிருக்கிறதா, அறைக்கு ஏசி மாற்றித் தந்தார்கள் என்று சொன்னாயே, அன்றைக்கு. அப்பா எங்கே என்று கேட்டாய், தோட்டத்துக்குப் போயிருக்கிறார், மொபைல் சார்ஜில் கிடக்கிறது என்று சொன்னேன். நீ போனை வைத்த கொஞ்ச நேரத்தில் குளோரி ஓடி வந்தாள். வளைவில் ரப்பர்த் தடி ஏற்றிய லாரி பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது, உன் அப்பா பால் வாளியோடு நடு ரோட்டில் நடந்துகொண்டிருக்கிறார், விலகவில்லை. டிரைவர் ரோட்டோரம் தண்ணீர் ஓடுகிற தோடு வரைக்கும் வண்டியை ஒடித்து நிறுத்தி இறங்கி வந்து, “ஓய் பெரியவரே, காது செவிடா, சாகணும்னா வேற லாரி பாரும்” என்று கத்தியிருக்கிறான். இவர் காதில் இருந்த ஹெட்போனைக் கழற்றிக் காட்டி, “பாட்டு கேட்டுக்கிட்டு வந்தேன் தம்பி, தப்புதான்” என்றாராம். குளோரி என்னிடம், “அக்கா, அந்தச் சவத்த பிடுங்கி அடுப்புல போடு, ஒரு நாளைக்கு இது அண்ணனைக் கொன்னுரும்” என்று சொல்லி நெஞ்சில் கைவைத்தாள். நான் சரி சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன், மேசை மேல் மொபைல் சார்ஜில் கிடக்கிறது. கொஞ்சம் முன்னால் நீ பேசிய அதே மொபைல். வேறு ரேடியோவும் நம் வீட்டில் இல்லை. அப்படியானால் அவர் என்ன பாட்டு கேட்டார்? அவர் வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுக் குளிக்கப் போனபோது பார்த்தேன், ஹெட்போன் வயர் சட்டைப் பைக்குள் போகிறது, பைக்குள் பிரஷர் மாத்திரை அட்டையும் கண்ணாடிக் கூடும்தான், வயரின் நுனி அதற்கு அடியில் சும்மா கிடந்தது.

மக்களே, அவர் பாட்டு கேட்கவே இல்லை. காது கேட்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக்கூடாது, பாட்டில் இருக்கிறார் அதனால் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் அதை மாட்டிக்கொண்டு திரிகிறார். சின்னதை வேண்டாம் என்று சொல்லிப் பெரியதைக் கேட்டதும் அதனால்தான், பெரியதென்றால் தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியுமே. ஜெபத்தில் மட்டும் அதை மாட்ட முடியாது. அங்கே கண்ணையும் மூடினால் யார் வாய் அசைகிறது, எப்போது முடிகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? விசுவாசம் குறைந்த மனுஷன் என்று நாங்கள் சொன்னோம், அவரோ ஆமெனைத் தவறவிடக்கூடாது என்று கண்ணை விழித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நீயும் ஒரு தடவை என்னிடம் கேட்டாய், வீட்டு மாடி வேலையைப் பாதியில் நிறுத்தியதில் அப்பாவுக்கு என்மேல் கோபமா, இரண்டு வார்த்தை பேசி உடனே உன் கையில் போனைக் கொடுத்துவிடுகிறாரே என்று. கோபம் இல்லை மக்களே. நீ பேசுவது அவருக்குப் பிடி கிடைப்பதில்லை. நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, இரண்டையும் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் தந்துவிடுகிறார். பிறகு நான் துணி துவைக்கும் இடத்துக்கு வந்து நின்று, பையன் என்ன சொன்னான் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்.

நான் தெரிந்துகொண்டதை அவரிடம் காட்டவில்லை. போன மாதம் கண்ணாடி மாற்ற மார்த்தாண்டம் போனபோது, நானே அவரை ஒரு பாட்டுச் சாமான் கடைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். ஷாஜன் வாங்கி அனுப்பப் போகிறான், உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று இங்கே போட்டுப் பார்த்துவிட்டு எழுதுவோம் என்றேன், அது பொய் இல்லை. கடையில் இருந்த பெண் நல்ல பொறுமைக்காரி. முதலில் எடுத்துக் கொடுத்தது இறுகப் பிடித்தது, இரண்டாவது பாரம். மூன்றாவது, காது முழுவதையும் உள்ளே வைத்து மெத்தையாக மூடுகிற மாதிரி, கண்ணாடிக் கால் இருந்தும் அது அழுத்தவில்லை. அவள் ஒரு கொயர் பாட்டைப் போட்டாள், நாலு குரலிலும் பாடுகிற பாட்டு. உன் அப்பா நின்றபடி கேட்டார். பிறகு கட்டைக் குரல் பாகத்தைத் தானும் பாடத் தொடங்கிவிட்டார், கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், அவருக்குத் தெரியவில்லை. நான் கையைத் தொட்டதும் நிறுத்தி, காதில் அது இருக்கிறபடியால் தெருவுக்கே கேட்கிற சத்தத்தில், “ஏட்டி சத்தியபாய், இதுல பெண்டுகள் பாடுறதும் கேக்குது” என்றார். கடைக்காரப் பெண் சிரித்தாள். நான் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு விலைச் சீட்டைப் பார்க்கிறதாகக் குனிந்தேன். நம் வீட்டில் தினமும் சாயங்காலம் நான்தானே பாட்டை எடுக்கிறேன், அவர் கூடச் சேர்ந்து பாடுகிறாரே. எனக்கு எதிரில் உட்கார்ந்து என் வாயைப் பார்த்துத் தாளம் பிடித்துத்தான் இத்தனை நாளும் பாடினாரா? ஆண்களின் கனத்த குரல் கொஞ்சம் கேட்கிறது போல, போதகர் பேசுவது பிடிபடுகிறது, ஜான்ரோஸ் மாமா பேசுவதும் பாதி. என் குரலும் ஸ்மிதாவின் குரலும் அவள் குழந்தை கொஞ்சுவதும்தான் போய்விட்டது. முப்பது வருஷம் ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் நின்ற காது அது, அந்தச் சத்தம் தின்றதோ, வயதோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். அந்தக் கடையில் விலை அதிகம், தோஹாவில் மலிவாகக் கிடைக்கும் என்று சிஜோ சொல்லுகிறான். இந்திய ரூபாய்க்கு இரண்டாயிரத்துக்கு மேல் போகாதே, அதற்குள் நல்லது இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னாள். காதை முழுதும் மூடுகிறது வேண்டும், காதின் மேல் உட்காருகிறது வேண்டாம். பாரம் இருக்கக்கூடாது. நீ உன் தலையில் மாட்டிக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு கடையிலேயே கொஞ்ச நேரம் நின்று பார், கை தானாக அதைச் சரிசெய்யப் போனால் அது வேண்டாம் என்று வைத்துவிடு. மெத்தைக்குத் தோல் மாதிரி ஒட்டியது நம் ஊர் வியர்வைக்கு நாலு மாதத்தில் உரிந்துவிடுமாம், துணி போட்டதும் கழற்றி மாற்றக்கூடியதுமாகப் பார். வயர் கழற்றி மாட்டுகிற மாதிரி இருந்தால் நல்லது, டிவிக்கும் நாற்காலிக்கும் நீளமான ஒன்று, வெளியே கொண்டுபோகக் குட்டையாக ஒன்று, நீள வயரோடு தோட்டத்துக்குப் போனால் மரத்தில் பால் பிடிக்கிற சிரட்டையைத் தாங்குகிற கம்பியில் மாட்டி இழுக்கும். மடக்கிப் பையில் வைக்க முடிந்தால் ஸ்மிதா வீட்டுக்கும் கொண்டுபோவார். கடைக்காரர்கள் பாஸ் நன்றாக இருக்கும் என்று சொல்லி ஒன்றை எடுத்துத் தள்ளுவார்கள், வாங்காதே, கனத்த சத்தம் அவருக்குக் குறையில்லை. பெண்கள் பாடுவதும் குழந்தைகள் பேசுவதும் தெளிவாக இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. சத்தத்தை ஒரு அளவுக்கு மேல் கூட்ட முடியாதபடி செய்ய வழி இருந்தால் அதையும் கேள். ஒரு நாள் அவர் கழற்றி வைத்ததை நான் காதில் வைத்தேன், தலையில் அடித்தது போல் இருந்தது, மிச்சம் இருக்கிற காதையும் அது கொண்டுபோய்விடும் என்று பயமாக இருக்கிறது.

ஆனால் மக்களே, இவ்வளவும் எழுதிய பிறகு எனக்கு ஒரு கலக்கம். நல்ல ஹெட்போன் வந்தால் டிவியும் பாட்டும் கேட்பார், சந்தோஷம்தான். அதையே இன்னும் பெரிய மறைப்பாக வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினால்? லாரி எல்லா நாளும் நிற்காது. காதுக்கு வைக்கிற மிஷின் என்று ஒன்று இருக்கிறது, ஜான்ரோஸ் மாமாவின் தம்பி வைத்திருக்கிறான், அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது உன் அப்பா, “அத வச்சவன யாரு கொயர்ல நிறுத்துவா” என்றார். கிறிஸ்துமஸ் கேரலுக்கு அடுத்த வாரம் ஒத்திகை தொடங்குகிறது. கட்டைக் குரலுக்கு இவர்தான் முன்னால் நிற்கிறவர், அந்த இடம் போய்விடும் என்ற பயம்தான் இவ்வளவுக்கும் அடியில். எனக்குத் தெரியும் என்று நான் சொன்னால் அவர் தலை குனிந்துவிடும், சொல்லாவிட்டால் என்றைக்காவது குளோரி ஓடி வந்து சொல்லப்போவதை நினைத்து ஒவ்வொரு காலையும் வாசலில் நிற்கிறேன். டிசம்பரில் உனக்கு லீவு கிடைத்தால் நாகர்கோவிலில் காது டாக்டரிடம் என்னைக் காட்டுவதாகப் போவோம், என் காதையும் உண்மையாகவே பார்க்கட்டும், பக்கத்தில் இருக்கிறவர் காதையும் டாக்டர் பார்த்தால் அதில் பொய் ஒன்றும் இல்லையே. நீ கூப்பிட்டால் வருவார். நான் கூப்பிட்டால் எதற்கு என்று கேட்பார்.

நேற்று ராத்திரி வீட்டு ஜெபத்தில் நான் எதிரில் உட்காராமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஜெபம் தொடங்குவதற்கு முன்னால் அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடினார். ஜெபம் முடிகிற இடத்தில் ஒரு தடவை அழுத்தினேன், சரியாக ஆமென் சொன்னார். பிறகு கையை எடுக்கவில்லை, திருப்பி ஒரு தடவை அழுத்தினார். அவருக்குத் தெரிந்துவிட்டதென்றுதான் நான் நினைக்கிறேன், ராத்திரி முழுதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். காலையில் பார்த்தால் ஹெட்போனை மாட்டி, வயரைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, வாளியோடு இறங்குகிறார். மொபைல் சார்ஜில் கிடந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிப் போய், மறந்துவிட்டீர்கள் என்று சொல்லி அவர் பையில் போட்டேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு, “ஓரமாத்தான் போவேன் கேட்டியா, நீ வீட்டுக்குப் போ” என்று சொல்லிவிட்டு நடந்தார். வளைவு திரும்புகிற வரைக்கும் ரோட்டின் ஓரமாகத்தான் போனார்.

ஒரு வாரமாக மழை, பால் வெட்டு குறைவு, ஷீட் விலையும் இறங்கிக் கிடக்கிறது, அதற்காக நீ கூடுதலாக அனுப்ப வேண்டாம், இருப்பதில் நடத்திவிடுவேன். ஸ்மிதாவின் குழந்தைக்குப் பல் முளைக்கிறது, தாத்தா தாத்தா என்று கூப்பிடப் பழகியிருக்கிறது. நீ வெயிலில் ஏசி யூனிட் மேல் ஏறும்போது பெல்ட் போட மறக்காதே, அந்த மிஷின் சத்தத்தில் வேலை செய்கிறவன் நீ, காதுக்கு அடைப்பு தந்தால் சும்மா கழுத்தில் போட்டுக்கொண்டு திரியாமல் காதில் வை, உன் அப்பாவுக்கு அந்தக் காலத்தில் அதைக் கொடுக்க ஒருவரும் இல்லை. போனில் பேசும்போது பைய, ஒவ்வொரு வார்த்தையாக, கொஞ்சம் கனத்த குரலில் பேசு, அவர் போனை என் கையில் தர வந்தாலும் அப்பாவிடமே கொடுங்கள் என்று என்னிடம் விடாமல் சொல்லு. இந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் போனில் வாய் திறக்காதே. ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காத்து, உன் கையின் வேலையை வாய்க்கச் செய்து, எங்கள் கண்முன் உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உன் அம்மா,
செ. சத்தியபாய்

லீவு உண்டா இல்லையா என்று மட்டும் குளோரி வீட்டு விலாசத்துக்கு எனக்குச் சீக்கிரம் பதில் எழுது.